சியோபாவ் சரியா வரலையா? தப்பு எங்க தெரியுதுன்னு பாருங்க, காரணம் கெடச்சிரும்

சியோபாவ்ங்கறது கறிய உள்ள வச்சு ஆவியில வேக வைக்கிற பிலிப்பைன்ஸ் பன்னு. வீட்டுல அத செஞ்சு பாத்து சரியா வரலைன்னதும் நிறைய பேர் பண்றது, உடனே வேற ரெசிபி தேடறது. ரெசிபிக்கு ரெசிபி பெருசா வித்தியாசமே கிடையாதுங்க. மைதா, சர்க்கரை, ஈஸ்ட், பேக்கிங் பவுடர், கொஞ்சம் பன்னிக் கொழுப்பு, தண்ணி, இவ்ளோதான், யார் எழுதினாலும் அளவு கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். சொதப்பறது பெரும்பாலும் ரெண்டு இடத்துல தான், மாவு எவ்ளோ நேரம் பொங்குச்சுங்கறதுல, ஆவி எப்படி அடிச்சுதுங்கறதுல. அதனால ரெசிபிய மாத்தறதுக்கு முன்னாடி கெட்டுப்போன பன்ன கையில எடுத்துப் பாருங்க. தப்பு மேல் தோல்ல இருக்கா, மடிப்புலயா, அடியிலயா, இல்ல பிச்சுப் பாத்தா உள்ளயா? அந்த இடமே முக்கால்வாசி விஷயத்த சொல்லிரும். நானும் அந்த வரிசையில தான் எழுதறேன், உங்களுக்கு எது ஆச்சோ அங்க நேரா போய்ப் படிச்சுக்கோங்க.

சரியான சியோபாவ் எப்படி இருக்கணும்?

இது தெரியாம எது தப்புன்னு சொல்ல முடியாது, அதான் முதல்லயே சொல்லிடறேன். சீனாக்காரங்க கொண்டு வந்த பன் தான் இது, மணிலா பினோண்டோ 1594-லேர்ந்து இருக்கற சீனர் பகுதி, ஆனா நாடு முழுக்க பேரு வாங்கினதுல மா மோன் லுக்குக்குப் பெரிய பங்கு உண்டு. சீனாவோட குவாங்டோங்லேர்ந்து 1918-ல மணிலாவுக்கு வந்து தோள்ல தண்டு வச்சு சூப் நூடுல்ஸ் தூக்கி வித்தவரு, மாமின்னு சொல்ற அந்த சூப் நூடுல்ஸோட சேத்து சியோபாவ் சாப்பிடற பழக்கம் அவரு கடையால பெருசாப் பரவுச்சு. ஹாங்காங்ல டிம்சம்னு சீனச் சிறு பலகாரம் விக்கற கடையில போர்க் பன்னு மேல வெடிச்சு மூணு நாலு இதழா பிரிஞ்சு இருக்கும், அங்க அது தான் சரி. சியோபாவ்ல அது தப்பு. சியோபாவ் அளவுல பெருசு, நல்ல வெள்ளை, மேல் தோல் மூடி வழவழன்னு, லேசா இனிப்பு, ஒரு கையில புடிச்சு மேல ஓட்டை போட்டு சாஸ் ஊத்தினாலும் கரைஞ்சு போகாத அளவுக்குத் திடமா இருக்கணும். டிம்சம் வீடியோ பாத்துட்டு இத செஞ்சீங்கன்னா நீங்க தேடற பக்குவமே வேறயாயிடும்.

நான் கீழ சொல்றதுக்கெல்லாம் அடிப்படை அளவு இது: மைதா 500 கிராம், சர்க்கரை 100, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7, பேக்கிங் பவுடர் 10, உப்பு 4, பன்னிக் கொழுப்பு 40, வெதுவெதுப்பான தண்ணி 250-லேர்ந்து 260 மில்லி. 75 கிராம் உருண்டையா 12 வரும், ஒவ்வொண்ணுக்கும் கறி 40-லேர்ந்து 45 கிராம். கப்பால அளக்காதீங்க, ஒரு கப் மைதாவ அமுக்கி அள்ளினா ஒரு எடை, தூவி அள்ளினா ஒரு எடை, தராசு இல்லாம தப்பு கண்டுபிடிக்கறது ரொம்ப கஷ்டம்.

மூடி திறந்ததும் சுருங்கிப் போச்சு

அதிகமா வர்ற புகார் இது தான். உள்ள இருக்கறப்ப பெருசா உருண்டையா இருந்துச்சு, மூடிய எடுத்த ஒரு நிமிஷத்துல வயசானவங்க கை மாதிரி தோல் சுருங்கிப் போச்சு. இதுக்கு காரணம் ஒண்ணு இல்ல, அதனால எத்தன பன்னு சுருங்குச்சு, எங்க சுருங்குச்சுன்னு முதல்ல பாருங்க.

தட்டுல இருக்கற எல்லாமே ஒரே அளவுல சுருங்கி இருந்தா பெரும்பாலும் தீ இல்லன்னா மூடி. தீ ரொம்ப பெருசா வச்சா உள்ள இருக்கற காத்து சட்டுன்னு விரிஞ்சு மாவ அதோட பலத்துக்கு மேல ஊதி விட்டுடும், வெளியில எடுத்ததும் காத்து சுருங்கும், மாவால தாங்க முடியாது, உக்காந்துரும். தண்ணி கொதிச்சதும் மீடியத்துக்கு கொறச்சிட்டு வைங்க. மூடி இடுக்குல ஆவி நிதானமா வந்தா போதும், மூடி டமடமன்னு ஆடுச்சுன்னா அது ஜாஸ்தி. வெந்ததும் அடுப்ப அணைச்சிட்டு மூடிய ஒரு பக்கம் லேசா தூக்கி ஒரு சாப்ஸ்டிக்கோ ஸ்பூன் காம்போ சொருகி 5 நிமிஷம் அப்படியே விடுங்க, சூடு மெல்ல எறங்கும், அதுக்குள்ள மாவும் நின்னுரும். ஃபேனுக்குக் கீழ வச்சு மூடி திறக்கறத கண்டிப்பா நிறுத்துங்க.

சிலது மட்டும் சுருங்குச்சு, மிச்சம் நல்லா இருக்குன்னா தீய குறை சொல்ல முடியாது, எல்லாத்துக்கும் ஒரே தீ தானே. அப்ப சுருங்கினது நீங்க முதல்ல உருட்டி வச்சதான்னு பாருங்க. வீட்டுல ஒரு ஆளா உக்காந்து 12 பன்னு தேய்ச்சு கறி வச்சு மூடறதுக்கு அரை மணி நேரம் கிட்ட ஆயிடும், மணிலா மாதிரி 30 டிகிரிக்கு மேல இருக்கற ஊர்ல அந்த அரை மணி நேரத்துல முதல் பன்னு பொங்கி முடிச்சிரும், கடைசி பன்னு அப்பத் தான் ஆரம்பிக்கும். எல்லாத்தையும் ஒண்ணா ஏத்தினா முதல்ல செஞ்சது அளவுக்கு மேல பொங்கினது, கடைசியில செஞ்சது பொங்கவே பொங்காதது, ஒரே தட்டுல ரெண்டு தப்பும் இருக்கும். இதுக்கு நான் பண்றது, அடியில வைக்கிற தாள்ல பென்சிலால 1, 2, 3ன்னு எழுதிடறது, அந்த வரிசையிலயே ஸ்டீமர்ல ஏத்தறது. மாவ ரெண்டாப் பிரிச்சு பாதிய ஃப்ரிட்ஜ்ல வச்சிட்டு மீதிய உருட்டினா இன்னும் நல்லது. அளவுக்கு மேல பொங்கினதுக்கு இன்னொரு அடையாளம், பிச்சா உள்ள பெரிய பெரிய ஓட்டையா தாறுமாறா இருக்கும், லேசா புளிச்ச வாடையும் வரும்.

உருட்டி வச்ச பன்னு ரெடியாயிடுச்சான்னு கடிகாரத்த பாத்து முடிவு பண்ணாதீங்க. ரெண்டு மடங்கு ஆகற வரைக்கும் விடறது முதல் பொங்கலுக்குத் தான், உருட்டினதுக்கு அப்புறம் ஒண்ணரை மடங்கே போதும். விரல்ல மெதுவா அமுக்குங்க, உடனே துள்ளி மேல வந்தா இன்னும் ஆகல, மெல்ல எழுந்து லேசா ஒரு குழி மட்டும் நின்னா ஏத்தலாம், குழி அப்படியே நின்னு பக்கத்துலயும் அமுங்குச்சுன்னா தாண்டிருச்சு. தாண்டினத வேக வைக்காதீங்க, கறி இன்னும் குளிர்ச்சியா இருந்தா எடுத்து தனியா வச்சிட்டு மாவ அமுக்கி காத்த எடுத்து மறுபடி உருட்டிக்கலாம், ஈஸ்ட்டுக்கு அந்த அளவு தெம்பு இருக்கும்.

மேல ஒரே ஒரு இடத்துல மட்டும் குழி

குழி விழுந்த இடத்துல தோல் நிறம் மங்கி, ஈரமா, லேசா உள்ள தெரியற மாதிரி பளபளன்னு இருக்கும், விரல்ல தொட்டா பிசுக்குன்னு ஒட்டும், மத்த இடமெல்லாம் வெள்ளையா நல்லா இருக்கும். மூடியிலேர்ந்து சொட்டின தண்ணி தான் அது. வெந்துட்டு இருக்கற மாவு மேல ஒரு சொட்டு விழுந்தா அந்த இடத்துல மாவுக்குள்ள இருக்கற சின்னச் சின்ன காத்து அறைங்க இடிஞ்சு போயிரும், திரும்ப எழாது. மூங்கில் மூடி ஈரத்த உறிஞ்சிக்கும், அதனால தான் அங்க பழைய கடைங்கள்ல மூங்கில் விட்டுக் குடுக்க மாட்டாங்க. தட்டையான கண்ணாடி மூடி, ஸ்டீல் மூடின்னா நேரா பன்னு மேலயே சொட்டும். ஒரு பருத்தித் துணிய மூடிக்கு உள்பக்கமா இழுத்து விரிச்சு நாலு முனையயும் மேல தூக்கி கைப்பிடியில கட்டிருங்க, தொங்க விட்டா அடுப்புத் தீ புடிச்சிரும், பத்திரம். பிலிப்பைன்ஸ் வீடுங்கள்ல இதுக்கு மைதா மூட்டைத் துணி, காட்சான்னு சொல்லுவாங்க, அத தான் வச்சிருப்பாங்க. நம்ம வீட்டு இட்லிப் பானையில செய்யறவங்களும் துணி கட்டிக்கோங்க, குழித்தட்ட எடுத்துட்டு ஓட்டை போட்ட தட்டு வச்சா இட்லிப் பானை தாராளமா போதும்.

மஞ்சளா இருக்கு, கடை மாதிரி வெள்ளையா வரல

இதுக்காக மனசு ஒடிஞ்சு போறவங்க இருக்காங்க, ருசிக்கு இதால ஒண்ணும் குறையாது, ஆனா வெள்ளை வேணும்னு நெனைக்கறதும் நியாயம் தான். மைதாவுல இயல்பா இருக்கற சில நிறப்பொருளுங்க காரம் (மிளகாய்க் காரம் இல்ல, புளிப்புக்கு எதிரான ஆல்கலி) பட்டா மஞ்சளா மாறும். அதனால பேக்கிங் சோடா போட்டிருந்தா முதல்ல அத நிறுத்துங்க, பேக்கிங் பவுடரும் 10 கிராமுக்கு மேல போகாதீங்க. ஆவி வைக்கிற தண்ணியில லிட்டருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர் ஊத்தற பழக்கம் அங்க ரொம்ப சகஜம், புளிப்பு ஆவியோட கலந்து மேல வந்து காரத்துக்கு எதிரா வேல செய்யும், பன்னுல வினிகர் வாடை தங்காது.

அடுத்தது கொழுப்பு. வெண்ணெய், மார்கரின் போட்டா அதோட மஞ்சள் மாவுல ஏறும். பன்னிக் கொழுப்புக்கு அந்த நிறம் கிடையாது, வாசனையும் கறியோட சேந்து போகும், கிடைக்கலைன்னா வனஸ்பதி மாதிரி இருக்கற வெள்ளை ஷார்ட்னிங். நாட்டுச் சர்க்கரை, பழுப்புச் சர்க்கரைய கறிக்கு மட்டும் வச்சுக்கோங்க. மைதாவே ப்ளீச் பண்ணாததா இருந்தா என்ன பண்ணினாலும் லேசா க்ரீம் நிறம் தான் வரும், அத தப்புன்னு எடுத்துக்க வேணாம்.

முழுசா மஞ்சள் இல்லாம அங்கங்க பழுப்பு மஞ்சள் புள்ளி மட்டும் இருந்தா பேக்கிங் பவுடர் சரியா கலக்கல. மைதாவோட சேத்து ரெண்டு தடவ சலிங்க. முதல் பொங்கலுக்கு அப்புறம் பேக்கிங் பவுடர் சேத்துப் பிசையற முறையில செய்யறவங்களுக்குத் தான் இது அதிகமா வருது, அவங்க ஒரு ஸ்பூன் தண்ணியில குழைச்சு ஊத்திட்டு நல்லா பிசையணும்.

மேல வெடிச்சிருச்சு, இல்லன்னா மடிப்பு திறந்து கறி வழிஞ்சிருச்சு

ரெண்டும் வேற வேற. மடிப்பு இல்லாத இடத்துல, பக்கவாட்டுல, தோல் கிழிஞ்சு வெடிச்சிருந்தா மாவு போதுமான அளவு பொங்காம ஏத்திட்டீங்க, இறுக்கமா இருந்த மாவு ஆவியில திடீர்னு எழும்பறப்ப தோல் கிழியுது. இல்லன்னா உருட்டி வச்சப்ப மேல காஞ்சு போயிருக்கும், ஏசி ரூம்ல வச்சா இப்படி ஆகும், ஈரத்துணிய நல்லா பிழிஞ்சு மேல மூடி வைங்க, தோல் மேல அழுத்தி ஒட்டக் கூடாது.

மடிப்பு திறந்துச்சுன்னா காரணம் மாவு பொங்கினதுல இல்ல, கைவேலையில. விளிம்புல ஒரு துளி குழம்போ எண்ணெயோ பட்டா அந்த இடம் ஒட்டவே ஒட்டாது, எவ்ளோ முறுக்கினாலும் ஆவியில வாய தொறந்துரும். கறி அள்ற கைய வேற, மூடற கைய வேறயா வச்சுக்கோங்க. தேய்க்கறப்ப நடுவுல கனமாவும் ஓரம் மெல்லிசாவும் இருக்கணும், 10, 11 சென்டிமீட்டர் அகலம். ஓரமெல்லாம் ஒண்ணா சேர்ற இடத்துல மாவு தானாவே கனம் ஏறிடும், நடுவும் மெல்லிசா இருந்தா அடி பிஞ்சு போகும். மூடி முறுக்கினதுக்கு அப்புறம் அந்த முனைய ரெண்டு விரலால நல்லா கிள்ளி விடுங்க. மடிப்ப மேல காட்டலாம், திருப்பி வச்சு அடியில மறைக்கலாம், ரெண்டும் அங்க நடைமுறையில இருக்கு. மேல வழவழன்னு இருக்கற போலா-போலாவுக்கு (அரைச்ச பச்சைக் கறி வச்சது) சிவப்புப் பொட்டு வச்சு அசாடோலேர்ந்து (இனிப்பு சோயாவுல வேக வச்சுப் பிரிச்ச கறி வச்சது) பிரிச்சுக் காட்டற கடைங்களும் உண்டு, வீட்டுல ரெண்டு வகையும் செஞ்சீங்கன்னா நீங்களும் அப்படியே பண்ணிக்கலாம்.

அடி நைஞ்சு போச்சு, தாள்ல ஒட்டிக்கிச்சு

ஒட்டறது சாதாரண விஷயம், மெழுகுத் தாளோ பார்ச்மென்ட் தாளோ 8 சென்டிமீட்டர் சதுரமா வெட்டி வைங்க, வாழை இலையும் வைக்கலாம், வெந்த உடனே பிக்காம ரெண்டு நிமிஷம் ஆறினதும் உரிங்க. நியூஸ்பேப்பர், அச்சடிச்ச காகிதம் வேணாம், மை எறங்கும்.

அடி ஈரமா நைஞ்சு போயிருந்தா முதல்ல தண்ணி மட்டத்தப் பாருங்க, தட்டுக்கும் தண்ணிக்கும் நடுவுல குறைஞ்சது நாலு விரல் இடைவெளி இருக்கணும், கொதிக்கிற தண்ணி தெறிச்சு அடியத் தொடக் கூடாது. தண்ணி சரியா இருந்தும் நைஞ்சு போச்சுன்னா அந்த ஈரம் கீழேர்ந்து வரல, உள்ள இருக்கற கறியிலேர்ந்து எறங்குது. எப்படித் தெரியும்னா, பன்ன குறுக்க வெட்டினா கறிக்கு நேர் கீழ உள்ள மாவு மட்டும் பழுப்பா சாறு ஊறி இருக்கும். அப்ப சரி பண்ண வேண்டியது ஸ்டஃபிங்க.

அசாடோ தண்ணியா இருக்கு, வைக்கவே முடியல

எனக்கு இந்த வேலையில ரொம்பப் பிடிச்ச பகுதி இது, அவசரப்படாம செஞ்சா பாதி பிரச்னை இங்கயே தீந்துரும். தோள்பட்டைக் கறி, அங்க காசிம்னு கேட்டா குடுப்பாங்க, அதுல 600 கிராம் எடுத்துக்கோங்க. பூண்டு, வெங்காயம் வதக்கி, சோயா சாஸ் 60 மில்லி, ஆய்ஸ்டர் சாஸ் 30 மில்லி, பழுப்புச் சர்க்கரை 60 கிராம், ஒரு அன்னாசிப்பூ, அரை லிட்டர் தண்ணி, சின்னத் தீயில ஒரு மணி நேரத்துக்கு மேல, ஃபோர்க்க விட்டா நார் நாரா பிரியற வரைக்கும். தோள்பட்டையில இருக்கற ஜவ்வு அந்த நேரத்துல ஜெலட்டினா கரைஞ்சு சாறுல எறங்குது, ஆறினா அது தான் கெட்டிப் புடிக்கும். கொழுப்பே இல்லாத சுத்தக் கறியா வாங்கினா ஜவ்வும் இல்ல கொழுப்பும் இல்ல, எவ்ளோ வேக வச்சாலும் வறட்டு நாரா தான் நிக்கும், ஸ்டஃபிங் காஞ்சு போச்சுன்னு சொல்றவங்க முதல்ல எந்தக் கறி வாங்கினீங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

பிரிச்ச கறிய சாறுலயே போட்டு, சாறு கால்வாசிக்கு வத்தினதும் சோளமாவு 2 டேபிள்ஸ்பூன் ஆறின தண்ணியில கரைச்சு ஊத்துங்க, ஊத்தினதும் கண்டிப்பா ஒரு கொதி வரணும், கொதி வராம எறக்கினா மாவு வேகாம வெள்ளையா கலங்கி நிக்கும், ஆறினதும் தண்ணி விட்டுக்கும். போதுமான்னு பாக்க கரண்டியால சட்டி அடியில ஒரு கோடு இழுங்க, அடி தெரிஞ்சு அந்தக் கோடு மெல்ல மூடுச்சுன்னா சரி, உடனே சாறு ஓடி மூடிருச்சுன்னா இன்னும் வத்தணும்.

அதுக்கப்புறம் தான் நிறைய பேர் தாண்டிப் போற படி, ஃப்ரிட்ஜ்ல வச்சு முழுசா குளிர வைக்கறது, முடிஞ்சா ராத்திரி முழுக்க. சூடான கறிய மாவுல வச்சா கொழுப்பு உருகி விளிம்புக்கு ஓடும், தொட்ட இடத்துல ஈஸ்ட் வேகமா வேல செஞ்சு அந்தப் பக்கம் மட்டும் மெல்லிசாகும், அடியும் ஊறும், மடிப்பும் திறக்கும். மேல நான் சொன்ன மூணு தப்பு இந்த ஒண்ணுலயே அடங்கியிருக்கு. குளிர்ந்த கறிய ஸ்பூன்ல அள்ளி 12 உருண்டையா புடிச்சு தட்டுல அடுக்கி மறுபடி ஃப்ரிட்ஜ்லயே வச்சிருங்க, மாவு தேய்க்கத் தேய்க்க ஒண்ணொண்ணா எடுத்து வச்சு மூடலாம், கொழுக்கட்டைக்குப் பூரணம் உருட்டி வச்சுக்கற மாதிரி தான்.

போலா-போலாவுல நடுவுல காலி இடம், கறி வேகுமான்னு பயம்

இதுல அரைச்ச பச்சைக் கறி தான் உள்ள போகுது, அதனால நேரம் வேற. அசாடோவுக்கு 15 நிமிஷம் போதும், ஏற்கனவே வெந்த கறி. போலா-போலாவுக்கு 20-லேர்ந்து 25 நிமிஷம். அரைச்ச போர்க் நடுவுல 71 டிகிரி ஆகணும், தெர்மாமீட்டர் இருந்தா ஒரு பன்ன அடியிலேர்ந்து குத்திப் பாருங்க, இல்லன்னா ஒண்ண பிளந்து பாருங்க, சாறு தெளிவா இருக்கணும். சீன சாசேஜ் போட்டிருந்தா அது செவப்பா தான் இருக்கும், அத வச்சு வேகலன்னு பயப்பட வேணாம்.

கறிக்கும் மாவுக்கும் நடுவுல இடைவெளி விழறது பச்சைக் கறி வெந்து சுருங்கறதால. முழுசா போக்க முடியாது, குறைக்கலாம். கறிய சோயா, உப்பு, ஒரு முட்டை, ரெண்டு டேபிள்ஸ்பூன் சோளமாவோட ஒரே பக்கமா கிளறுங்க, பிசுபிசுன்னு கையில ஒட்டி இழை விடற வரைக்கும், அப்பத் தான் தண்ணிய உள்ளயே புடிச்சு வைக்கும். சிங்கமாஸ்ங்கற வெள்ளைக் கிழங்கோ கேரட்டோ போடறவங்க பொடியா நறுக்கி உப்பு போட்டு நல்லா பிழிஞ்சிட்டுப் போடுங்க, அந்தத் தண்ணி வேகறப்ப வெளிய வந்தா மறுபடி அடி நைஞ்சு போற கதை தான். உப்பு முட்டை, அங்க ஓட்டுக்கு கருஞ்சிவப்புச் சாயம் போட்டு விப்பாங்க பாத்திருப்பீங்க, ஒண்ண நாலா வெட்டி ஒரு துண்டு நடுவுல போதும், அது வைக்கறதா இருந்தா கறியில உப்ப கொறச்சுக்கோங்க.

மாவு கல்லு மாதிரி, இல்லன்னா பல்லுல ஒட்டுது

அடர்த்தியா, கனமா, எழும்பவே இல்லைன்னா ஈஸ்ட்ட சந்தேகப்படுங்க. 60 டிகிரிய நெருங்கின தண்ணியில ஈஸ்ட் செத்துரும், 38, 40 டிகிரி போதும், மணிக்கட்டுல ஊத்தினா சுடக் கூடாது. ஈஸ்ட் உயிரோட இருந்தும் மெதுவா இருக்குன்னா அது சர்க்கரையால, மைதாவுல அஞ்சுல ஒரு பங்கு சர்க்கரைங்கறது ஈஸ்ட்டுக்கு அதிகம், ஈரத்த அது இழுத்துக்கும். இனிப்பு மாவுக்குன்னே தனியா வர்ற இன்ஸ்டன்ட் ஈஸ்ட் கிடைச்சா வாங்குங்க, கிடைக்கலன்னா பொறுமையா இன்னும் அரை மணி விடுங்க. பகியோ மாதிரி மலை ஊர்ல இருக்கறவங்களுக்கு ரெண்டு தொந்தரவு, குளிர்ல பொங்க நேரமாகும், 1,500 மீட்டர் உயரத்துல தண்ணி 95 டிகிரிலயே கொதிக்கறதால ஆவியோட சூடும் குறைவு, வேக வைக்க ரெண்டு மூணு நிமிஷம் கூட விடுங்க. குளிர் ஊர்ல பச்சைத் தண்ணியிலேயே பன்ன வச்சு அடுப்ப பத்த வைக்கறதும் நல்லா வரும், சூடு ஏற ஏற கடைசி பொங்கலும் அதுலயே முடிஞ்சிரும். மணிலா, தவாவோ வெயில்ல அப்படிச் செஞ்சா தாண்டிப் போயிடும். தவாவோல மெடிக்கல் படிக்கற நம்ம ஊர்ப் பசங்க ஹாஸ்டல்ல முயற்சி பண்றதா இருந்தா நல்லா கொதிச்ச தண்ணியில தான் வைக்கணும்.

எழும்பி இருக்கு ஆனா ரப்பரா இழுக்குதுன்னா மைதாவுல புரோட்டீன் ஜாஸ்தி, பிரெட்டுக்கு விக்கற மாவ வாங்கியிருப்பீங்க. 9, 10 சதவீதம் இருக்கற சாதா மைதா போதும், இருக்கறத தான் உபயோகிக்கணும்னா 500-ல 75 கிராம எடுத்துட்டு அந்த அளவு சோளமாவு சேருங்க. பல்லுல ஒட்டறதுக்கு காரணம் பெரும்பாலும் தண்ணி ஜாஸ்தி, இல்ல முழுசா வேகல. தண்ணி ஜாஸ்தியான மாவு உருட்டி வச்சா மேல எழாம அப்பளமா பக்கத்துல படரும், அப்பவே தெரிஞ்சிரும்.

மறுநாள் கெட்டியாயிருச்சு

இது உங்க தப்பே இல்ல, வெந்த மாவுச்சத்து ஆறினா மறுபடி இறுகும், ஃப்ரிட்ஜ் குளிர்ல அது இன்னும் வேகமா நடக்கும். ஆனா கறி உள்ள இருக்கறதால வெளியிலயும் விட முடியாது, ரெண்டு மணி நேரத்துக்கு மேல வேணாம், 32 டிகிரிக்கு மேல வெயில்னா ஒரு மணி நேரம் தான். அதனால அன்னிக்கு சாப்பிடாதத ஆறினதும் ஃப்ரீசர்ல வச்சிருங்க, வேணும்போது அப்படியே எடுத்து 12 நிமிஷத்துக்குக் குறையாம ஆவியில வச்சு நடுவுலயும் நல்லா சூடாயிருச்சான்னு பாத்துட்டு எடுத்தா புதுசா செஞ்சது மாதிரியே இருக்கும். மைக்ரோவேவ்ல வைக்கறதா இருந்தா முதல்ல இறக்கி வச்சு பனி விட்டதும் ஈரத்துணி சுத்தி நாப்பது செகண்ட், எடுத்ததும் உடனே சாப்பிட்டாகணும், ஆற விட்டா முன்ன விட கெட்டியாகும். பிலிப்பைன்ஸ்ல பிக்கோல் பக்கம் சியோபாவ அவன்ல பேக் பண்ணி விக்கற வகையும் உண்டு, ஆவி சரியா அமையாத அடுப்பு வச்சிருக்கறவங்க அத முயற்சி பண்ணலாம், அதுக்குன்னு தனி மாவு அளவு வேணும், இந்த அளவ அப்படியே அவன்ல வச்சா சரி வராது.

சாஸ் கட்டி தட்டுது, இல்லன்னா நீத்துப் போகுது

அசாடோ வத்தினப்ப எடுத்து வச்ச கொஞ்சம் சாறு இருந்தா அதுலயே சாஸ் பண்ணுங்க, தனியா பண்றத விட ருசி எங்கேயோ போயிடும். இல்லன்னா தண்ணி 2 கப், சோயா கால் கப், பழுப்புச் சர்க்கரை கால் கப், பொடியா நறுக்கின பூண்டு தாராளமா, ஒரு அன்னாசிப்பூ, 10 நிமிஷம் கொதிக்க விட்டு சோளமாவு 2 டேபிள்ஸ்பூன் கரைச்சு ஊத்தணும். சோளமாவ சூடான சாறுல நேரா கொட்டினா கட்டி தட்டும், ஆறின தண்ணியில கரைச்சு ஊத்தறப்பயே இன்னொரு கையால கிளறிக்கிட்டே இருங்க. கெட்டியானதுக்கு அப்புறம் ரொம்ப நேரம் கொதிக்க விட்டா இளகிடும். மேசையில வச்ச கிண்ணத்துல சாஸ் கொஞ்ச நேரத்துல தண்ணியா போகுதுன்னா, கடிச்ச பன்ன திரும்பத் திரும்ப அதுல முக்கறாங்கன்னு அர்த்தம், எச்சில்ல இருக்கற அமிலேஸ்ங்கற நொதி சோளமாவ உடைச்சு விட்டுடும். ஆளுக்கொரு கிண்ணம் குடுங்க, இல்லன்னா ஸ்பூனால பன்னு மேல ஊத்திக்கச் சொல்லுங்க.